பெட்டி திறக்கும் விளையாட்டில் தொடங்கிப் பந்தயத் தளத்தில் முடிந்த என் பணம்: ஓர் எச்சரிக்கை

நான் அனுப்பிய மூன்று பக்கப் புகாருக்கு அந்த மொபைல் கேம் நிறுவனம் கடந்த மாதம் நான்கே வரிகளில் பதில் அனுப்பியது. சிரமத்திற்கு வருந்துவதாக ஒரு வரி, பயன்படுத்திவிட்ட பொருள்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி, விதிமுறைகளைப் படித்துக்கொள்ளும்படி ஒரு வரி. கடைசி வரியில், ஆறுதலாக என் கணக்கில் 300 ரத்தினங்களை, அதாவது விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயங்களை, சேர்த்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்த விளையாட்டில் ஒரு பரிசுப் பெட்டியைத் திறக்க 150 ரத்தினங்கள் வேண்டும். பெட்டி திறந்தே பணத்தை இழந்தேன் என்று முறையிட்டவனுக்கு, இன்னும் இரண்டு பெட்டிகளைத் திறப்பதற்கு வழிசெய்து அனுப்பியிருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அன்று இரவே இரண்டையும் திறந்துவிட்டேன்.

வீடியோ கேம் விளையாடுவதே தவறு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிறு வயதிலிருந்தே விளையாடி வருபவன் நான். ஒருமுறை பணம் கொடுத்து வாங்கி, முடித்து, மறந்துபோன விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றால் எனக்கு ஒரு கேடும் வந்ததில்லை. நான் எச்சரிப்பது ஒரு குறிப்பிட்ட அமைப்பைப் பற்றி மட்டுமே: என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டி, அதாவது ‘லூட் பாக்ஸ்’. சூதாட்டத்திற்கான பழக்கம் எனக்கு இணையப் பந்தயத் தளத்தில் ஏற்பட்டதாக வெகுநாள் நினைத்திருந்தேன். அங்கே போய்ச் சேர்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, படம் போட்ட வீரர்களைச் சேகரிக்கும் ஒரு விளையாட்டு அதை எனக்குப் பழக்கிவிட்டிருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

விளையாட்டு இலவசம். முதல் முறை ரத்தினம் வாங்குவோருக்கு இரட்டிப்பாகத் தருவார்கள் என்பதால், மிகச் சிறிய தொகை ஒன்றைப் போட்டேன். ரத்தினங்கள் 200 அல்லது 500 கொண்ட பொதிகளாகவே கிடைக்கும். 200 வாங்கினால் ஒரு பெட்டியைத் திறந்தபின் 50 மிஞ்சும். 500 வாங்கினால் மூன்று பெட்டிகளைத் திறந்தபின் அங்கேயும் அதே 50 மிஞ்சும். எதற்கும் உதவாத அந்த ஐம்பதை வீணாக்க மனம் வராமல் அடுத்த பொதியை வாங்குவோம். இது தற்செயலாக அமைந்த கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். பணத்தை ரத்தினமாகவும், ரத்தினத்தைப் பெட்டியாகவும் மாற்றிவிட்டால் எந்த அளவுகோலைக் கொண்டு அளப்பது?

பெட்டி திறக்கும் அந்தச் சில நொடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரையைத் தொட்டதும் பெட்டி நடுங்கும். இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். நீல வெளிச்சம் என்றால் சாதாரணப் பொருள், ஊதா என்றால் சற்று அரியது, பொன்னிறம் என்றால் எல்லோரும் தேடும் வீரர். சில வேளைகளில் ஊதா மெல்லப் பொன்னிறமாக மாறப் பார்த்து, ஒரு கணம் தயங்கி, மறுபடி ஊதாவாகவே அடங்கிவிடும். அந்தத் தயக்கத்தில்தான் நான் தோற்றேன். ‘இன்னும் ஒரு நூலளவில் தப்பிவிட்டது’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்; விரல் தானாக அடுத்த பெட்டிக்குப் போய்விடும். உண்மையில் நூலளவும் இல்லை, முழ அளவும் இல்லை. நான் திரையைத் தொட்ட அக்கணமே நிறுவனத்தின் கணினி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது; அதற்குப் பின் வரும் நடுக்கமும் வெளிச்சமும் வெறும் ஒப்பனை. சூதாட்ட இயந்திரங்களில் மூன்றாவது சக்கரம் ஒரு கட்டம் தள்ளிப்போய் நிற்பதும் இதே வித்தைதான்.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் செயலை உயிர்கள் எளிதில் விடுவதில்லை என்பது உளவியலில் பழைய செய்தி. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே புறாக்களை வைத்து இதைக் காட்டினார்: ஒழுங்கற்ற இடைவெளிகளில் தீனி கிடைத்து வந்த பறவை, தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. என்னை ஒரு புறாவோடு ஒப்பிட்டுக்கொள்வதில் எனக்கு இப்போது கூச்சம் ஏதும் இல்லை.

அரிய வீரர் வருவதற்கான வாய்ப்பு 1 சதவீதம் என்பதை நான்கு திரைகளைத் தாண்டி ஒரு மூலையில் எழுதியிருந்தார்கள். நூறு பெட்டிகளைத் திறந்தால் ஒன்று நிச்சயம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கணக்கு அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டிகளைத் திறந்தால், அவர்களில் ஏறத்தாழ 37 பேருக்கு அந்த வீரர் ஒருமுறைகூட வரமாட்டார். தொண்ணூறு பெட்டிகள் வெறுமையாகப் போனபின் தொண்ணூற்றொன்றாவது பெட்டிக்கும் அதே 1 சதவீதம்தான். ‘இவ்வளவு போட்டாயிற்று, இனி வந்தே தீரும்’ என்பது நம் மனம் சொல்லும் பொய். இந்த விகிதத்தையாவது வெளியிட வேண்டும் என்று சீனா 2017இல் கட்டாயமாக்கியது. அதற்கும் முன்பே, 2012இல், சீட்டு எடுத்துக் கிடைத்த பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்னும் முறை சட்டத்துக்கு முரணானது என்று ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை அறிவித்தது. நான் விளையாடியதில் அதே தொகுப்புமுறை வேறு பெயரில் இருந்தது.

பந்தயத் தளத்திற்கு வழிகாட்டியதும் இந்த விளையாட்டுதான். ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் ஐந்து ரத்தினம் தருவார்கள். அப்படிப் பார்த்த விளம்பரங்களில் பாதிக்கு மேல், சக்கரம் சுழற்றும் ‘இலவச நாணய’ விளையாட்டுகளைப் பற்றியவை. அதில் ஒன்றை இறக்கினேன்; பணமே கேட்காமல் முதல் வாரம் முழுக்க வெற்றி வெற்றியாகக் குவிந்தது. இவ்வளவு கைராசி இருக்கும்போது உண்மையான பணத்தை வைத்து ஆடினால் என்ன என்று தோன்றிய நாளில் பந்தயத் தளத்தில் கணக்கைத் தொடங்கினேன். புதிய இடத்திற்கு வந்த உணர்வே எனக்கு இல்லை. தினமும் உள்நுழைந்தால் பரிசு, செலவுக்கேற்ப உயரும் விஐபி படிநிலை, நேரம் குறைந்துகொண்டே வரும் சலுகைக் கடிகாரம், அதே பொன்னிற வெளிச்சம் எல்லாம் முன்பே பழகியவை.

இது என் ஒருவனின் கதை மட்டும் அல்ல. டேவிட் செண்டில், பால் கெய்ர்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 7,422 விளையாட்டாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. சூதாட்டச் சிக்கல் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவுக்கு லூட் பாக்ஸ் செலவும் கூடியிருந்தது. விளையாட்டினுள் செய்யும் பிற செலவுகளோடு அத்தனை வலுவான தொடர்பு காணப்படவில்லை. பெட்டிதான் மனிதரைச் சூதாடியாக்குகிறது என்று இதைக் கொண்டு தீர்மானமாகச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே சூதில் நாட்டமுள்ளவர்களே பெட்டிகளை அதிகம் வாங்குகிறார்கள் என்றும் கொள்ளலாம். நேர்மையாகச் சொன்னால், இவ்விரண்டில் நான் எந்த வகை என்பது எனக்கே விளங்கவில்லை. ஆனால் எந்த வகையானாலும் நிறுவனத்திற்கு வரவு ஒன்றுதான்.

அதே 2018இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு விதித்த அபராதத்தை உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால், ‘தடைசெய்யப்படவில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சூதாட்டக் கோளாறையும் வீடியோ கேம் கோளாறையும் அடிமைப்படுத்தும் நடத்தைகள் என்ற ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது.

பந்தயத் தளம் என்னை ஏமாற்றிய விதத்தைச் சொல்கிறேன். நான் 100 போட்டால் அவர்களும் போனஸாக 100 போடுவதாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தை வெளியே எடுக்க வேண்டுமானால் போனஸைப்போல 30 மடங்கு, அதாவது 3000 வரை பந்தயம் கட்டியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் தளத்தின் பங்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3000 ஆடி முடிப்பதற்குள் சராசரியாக 120 போய்விடும். கிடைத்த இலவசமோ 100. பணம் போடும்போது பெயரைக்கூடச் சரிபார்க்காதவர்கள், எடுக்கப் போனபோது அடையாள அட்டை, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, படம் தெளிவில்லை என்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். அதுவரை என் பணம் ‘நிலுவையில்’ இருந்தது. பக்கத்திலேயே ‘கோரிக்கையை ரத்துசெய்து ஆட்டத்தைத் தொடர்க’ என்று பெரிய பச்சைப் பொத்தான். மூன்றாம் நாள் இரவு அதை அழுத்திவிட்டேன். விடிவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021இல் அங்குள்ள தளங்களுக்கு இந்த ரத்து வசதியையே தடைசெய்தது என்று பின்னால் படித்தபோது, எனக்கு மட்டும் மன உறுதி இல்லை என்ற குற்றவுணர்வு சற்றே குறைந்தது. 20 வைத்து 8 திரும்பி வந்தாலும் மணியடித்துக் கொண்டாடும் தந்திரத்தையும் சுழற்று விளையாட்டுகளில் அதே ஆண்டில் அங்கே நிறுத்தினார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் விட்டதைப் பிடிக்கும் ஓட்டம்தான். அதை நீட்டிச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. என் தங்கைதான் கண்டுபிடித்தாள். “அண்ணா, மொத்தம் எவ்வளவு போட்டாய்?” என்று கேட்டாள். நான் ரத்தினக் கணக்கைச் சொன்னேன். “பணமாகச் சொல்” என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. வங்கி அறிக்கையை எடுத்து அவளே ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள். விளையாட்டு, பந்தயத் தளம் இரண்டையும் சேர்த்து என் ஐந்து மாதச் சம்பளத்தைத் தாண்டியது, அதில் பாதிக்குச் சற்றே குறைவானது பெட்டிகளுக்கு மட்டுமே போயிருந்தது.

இதே நிலையில் இருப்பவர்கள் கோபத்தில் உடனே கணக்கை நீக்கிவிட வேண்டாம். பந்தயத் தளக் கணக்கை நான் அப்படித்தான் அவசரப்பட்டு மூடினேன். வாங்கியதும் வைத்ததும் எடுக்கக் கோரியதும் ஆகிய பதிவுகள் எல்லாம் அதோடு போயின, புகார் கொடுக்கக் கையில் ஒரு சான்றும் இல்லை. முதலில் செலவு வரலாறு, வாய்ப்பு விகிதம் எழுதிய பக்கம், உதவிக் குழுவோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்குங்கள். சூதாட்டப் பரிமாற்றங்களை முடக்கும் வசதி உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்கள். தளத்தில் ‘சுயவிலக்கு’, அதாவது நம்மை உள்ளே விடாதபடி நாமே கேட்டுப் போட்டுக்கொள்ளும் தடை, என்று ஒன்று இருந்தால், கணக்கை மூடுவதைவிட அதைக் கேட்டுப் பெறுவதே மேல். மூடிய கணக்கைத் திறக்கச் சொல்லிப் பல இடங்களில் ஒரே மின்னஞ்சல் போதும்.

விளையாட்டுக் கணக்கை நீக்கும்படி முறையாகக் கோரியிருக்கிறேன். 30 நாள் காத்திருக்க வேண்டுமாம். இடையில் ஒருமுறை உள்நுழைந்தாலும் கோரிக்கை ரத்தாகிவிடுமாம். 11ஆம் நாள், உங்களுக்காக ஒரு பொன்னிறப் பெட்டி காத்திருக்கிறது என்று அறிவிப்பு வந்தது. போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இன்று 24ஆம் நாள்.