செகண்ட்ஹேண்ட் ஃபைபர் படகில் எக்கோ மாட்டினோம்: ஒரு வருட அனுபவம்

போன வருடம் உவரிப் பக்கம் ஒருவரிடம் 28 அடி ஃபைபர் படகு ஒன்றை, 9.9 எச்.பி. அவுட்போர்டோடு சேர்த்து வாங்கினோம். எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் சொந்தப் படகு. அதுவரை அப்பா, பெரியப்பாவின் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் திருப்பூரில் இருந்தேன். படகு வாங்கியது போக மிச்சமிருந்த காசில் என்னென்ன மாட்டினோம், எது உருப்படி, எது தண்டம் என்று சொல்கிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

வாங்கிய கருவி 4 அங்குலத் திரை உள்ள ஜி.பி.எஸ்.-எக்கோ இரண்டும் சேர்ந்த மாடல். எக்கோ என்பது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து ஆழத்தையும் அடித்தரையையும் காட்டுவது. கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் நடந்த கோளாறுகளில் பாதி என்னுடையது. இதில் கடல் வரைபடம் கிடையாது, நாம் குறித்த புள்ளிகளும் போன பாதையும்தான் தெரியும். கடைக்காரர் வரைபடத்தோடு 7 அங்குலத் திரையைத் தலையில் கட்டப் பார்த்தார். விடியற்காலை போய் மத்தியானம் கரை பிடிக்கிற எங்களுக்கு அது எதற்கு? கரைதான் கண்ணுக்குத் தெரிகிறதே.

சரி, சொதப்பலுக்கு வருகிறேன். எக்கோவின் கண், ஒலியை அனுப்பி வாங்கும் ட்ரான்ஸ்டியூசர்தான், அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கூட வந்த தாளில் படகின் பின்பலகையில், அடிப்பாகத்தை விடச் சற்றுக் கீழே, ப்ரொப்பெல்லருக்கு எட்டத் தள்ளி திருகச் சொல்லியிருந்தது, அப்படியே செய்தேன். அந்தத் தாளை எழுதியவர் படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் படகை நினைத்து எழுதியிருப்பார். எங்கள் ஊரில் துறைமுகம் ஏது? அலையில் ஏறி வந்து, மணலில் முட்டி, டிராக்டர் கட்டி மேலே இழுக்க வேண்டும். இரண்டாம் நாள் டிராக்டர் இழுத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பிளாஸ்டிக் கொண்டை மணலுக்குள் கிடக்கிறது, கேபிள் மட்டும் பல்லி வால் மாதிரி தொங்குகிறது. போதாக்குறைக்கு, நான் போட்ட திருகு ஓட்டை வழியே பலகைக்குள் இருந்த பிளைவுட் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது, அதைக் காயவைத்து ரெசின் ஊற்றி அடைக்க ஒரு வாரம் போனது.

அடுத்த ட்ரான்ஸ்டியூசருக்குப் படகில் ஓட்டையே போடவில்லை. ஒன்றரை அங்குல எஸ்.எஸ். குழாய் ஒன்றை வாங்கி, அடியில் ட்ரான்ஸ்டியூசரை மாட்டி, படகின் வலது பக்க ஓரத்தில் யூ கிளாம்ப் போட்டு நிறுத்தினோம். கடலில் இறக்கி, அலை தாண்டியதும் குழாயை இறக்கு, கரை நெருங்கும்போது தூக்கிவிடு. வெல்டிங் பட்டறையில் சில நூறு ரூபாய் வேலை, இதுவரை ஆடவில்லை. வேகமாகப் போகும்போது நுரை அடித்துத் திரை கலங்கும், வேகம் குறைத்தால் தெளிந்துவிடும். எப்படியும் தூண்டில் போடும் இடத்தில் மெதுவாகத்தானே போகிறோம்.

பேட்டரியில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எங்கள் மோட்டார் பேட்டரியை சார்ஜ் செய்யாது, வீட்டில் போட்டுத்தான் கொண்டு போக வேண்டும். கடையில் கொடுத்தது யூ.பி.எஸ். டப்பாவுக்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. கருவி அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், பேட்டரி ஆயுள் கெடாமல் பாதி வரைதான் பயன்படுத்தலாம் என்றால் ஏழு மணி நேரம். கணக்கில் சரிதான். ஆனால் மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப். ரேடியோவையும் அதிலேயே கொடுத்தால், 25 வாட்டில் பேசும்போது அது மட்டும் ஐந்தாறு ஆம்பியர் கேட்கும், திரை அணைந்துவிடும். 26 ஏ.எச். ஒன்று வாங்கி, மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் தனி ஃபியூஸ் போட்டேன். இணைப்பு முனைகளில் கிரீஸ் தடவாமல் விட்டால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும், ஒரு மாதம்கூட ஆகாது.

எக்கோ மீனைக் காட்டுமா? காட்டும், ஆனால் முதலில் அந்த மீன் பொம்மை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். சொறி (ஜெல்லிமீன்) மிதந்தாலும் மீன், குப்பை மிதந்தாலும் மீன் என்று வரைந்து தள்ளும். எனக்கு உபயோகப்பட்டது அடித்தரைதான். கல் என்றால் அடிக்கோடு தடிமனாக, பளிச்சென்று, சில சமயம் அதற்குக் கீழே அதே கோடு இன்னொரு முறை விழும். சேறு என்றால் மெலிந்து மங்கும். ஒரு நாள் திரையைப் பார்த்து "சேறுப்பா" என்றேன். அப்பா கையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. "ஏல, கல்லு தட்டுது, உன் மிஷினு என்ன சொல்லுது?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. எங்கள் கருவியின் 200 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்கற்றை 15 பாகை அகலம், 30 மீட்டர் ஆழத்தில் அது எட்டு மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். குழாய் சாய்ந்திருந்தால் அந்த வட்டம் வேறு எங்கோ விழுகிறது, படகுக்கு நேர் கீழே இருக்கும் கல் அதில் வராது. பிறகு ஆழத்தை மீட்டரில் இல்லாமல், எங்கள் ஆட்கள் அளக்கும் பாகத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) காட்டும்படி மாற்றி வைத்தேன், அப்போதுதான் அப்பாவும் திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஜி.பி.எஸ். பக்கம்தான் இந்தக் கருவி காசுக்கு வேலை செய்தது. எங்கள் ஆட்கள் பார்களை, அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளை, கணியத்தால் பிடிப்பார்கள்: கப்பல் மாதா கோயில் இன்ன பனைக்கு நேராக, மேற்கே கூடங்குளம் உலை இன்ன இடத்துக்கு நேராக, இரண்டும் சேரும் இடத்தில் பார். பனையை வெட்டிவிட்டால் கணியமும் போச்சு. அப்படி ஒன்று போவதற்குள் அப்பா மனதில் இருந்த பதினாறு பார்களையும் ஒவ்வொன்றாகப் போய்க் குறித்துவிட்டேன். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்த்தால் நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதும் தெரிந்துவிடும், நங்கூரக் கல்லைப் போட்டு நிறுத்தும்முன் இது பெரிய உதவி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நண்பன் ஒருவன் 08 12.45 என்று ஒரு புள்ளி கொடுத்தான். அது 8 பாகை, 12 நிமிடமும் அதற்கு மேல் தசமமும், அதாவது 12.45 நிமிடம். நான் 12 நிமிடம் 45 விநாடி என்று ஏற்றிவிட்டேன். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு கடல் மைல், 1852 மீட்டர், ஆகவே என் தப்பு ஏறக்குறைய 550 மீட்டர். அரை நாள் வெறுங்கடலில் தூண்டிலை நனைத்துவிட்டு வந்தோம். புள்ளி வாங்கும்போது எந்த வடிவம் என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. வி.எச்.எஃப். கட்டாயம் வேண்டும். 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு அப்பா இதில் பேரம் பேசவே விடவில்லை. ஆபத்து அழைப்புக்கான சேனல் 16-ஐத் திறந்து வைத்திருக்கிறோம், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் படகின் உள்பக்கம் பெயிண்டால் எழுதியிருக்கிறோம். மாற்றுக்குப் பெரியப்பாவின் பழைய கார்மின் 78எஸ் இருக்கிறது, ரிமோட் மாதிரி ஜி.பி.எஸ். கைக்கருவி, இரண்டு ஏஏ பேட்டரி, தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், நல்ல பொருள். தூண்டில் கம்பு செருக ஸ்டீல் ஹோல்டர் வாங்கினேன், தண்டம், பி.வி.சி. குழாய் போதும்.

திரும்ப வாங்கினாலும் இதே 4 அங்குலக் கருவியைத்தான் வாங்குவேன். உச்சி வெயிலில் திரை மங்கல், கையால் நிழல் கட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் கேபிள் நீளத்தை அளந்துவிடுங்கள். எங்களுடையது 6 மீட்டர். திரையை முன்னால் வைக்க ஆசைப்பட்டேன், குழாய் பின்னால், கேபிள் நடுப்படகைத் தாண்டவில்லை.