கேபிள் உறைக்கு எது: அலுமினியம் ஹைட்ராக்சைடா, நானோ களிமண்ணா?

தீ எளிதில் பரவாத, தீப்பிடித்தாலும் ஹாலோஜன் (குளோரின், புரோமின் போன்றவை) கலந்த நச்சுப் புகை கக்காத கேபிள் வேண்டுமென்றால், ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) என்ற பிளாஸ்டிக்கில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கலப்பதுதான் பழைய வழி. சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விடுகிறது. தீயின் சூடு அதிலேயே செலவாகிவிடும். மலிவு, நம்பகம் எல்லாம் சரி. ஆனால் எடையில் 60 சதவீதம் வரை இந்த வெள்ளைப் பொடியைக் கொட்ட வேண்டும். அப்புறம் அதைப் பிளாஸ்டிக் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். உறை விறைத்து, வளைத்தால் விரிசல் விடப் பார்க்கும்.

நானோ களிமண் 5 சதவீதம் போதும். ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள மான்ட்மோரில்லனைட் என்ற களிமண் கனிமத்தின் தகடுகள், எரியும்போது மேலே திரண்டு பாலாடை போல் மூடிக்கொள்கின்றன. உள்ளே பிளாஸ்டிக் சிதைந்து உண்டாகும் எரியும் வாயு மெதுவாகத்தான் கசியும். கோன் கலோரிமீட்டரில் (மாதிரியை எரித்து, வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) வெப்ப வெளியீட்டின் உச்சம் பாதியாகக்கூடக் குறைவதுண்டு. விற்பனைத் தாள்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் எரிந்து முடியும்வரை வெளிவரும் மொத்த வெப்பம் பெரிதாகக் குறையாது. சில கலவைகள் முன்னதாகவே பற்றிக்கொள்ளும். மாதிரியை நிமிர்த்திப் பிடித்துச் சுடர் காட்டிப் பார்க்கும் யூ.எல். 94 செங்குத்துச் சோதனையில் களிமண் மட்டும் சேர்த்த மாதிரி பெரும்பாலும் தேறாது.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் என் ஓட்டு ஹைட்ராக்சைடுக்கே. இரண்டையும் கலக்க வழியிருந்தால், கொஞ்சம் களிமண் சேர்த்துப் பொடியின் அளவைக் கணிசமாகக் குறைக்கலாம். உறையும் வளைந்து கொடுக்கும்.