பழுது பார்த்து வந்த ஆம்ப்ளிஃபயரில் சத்தம் வராவிட்டால், ரிலேவை ‘டைரக்ட்’ செய்ய விடாதீர்கள்

கடலூர் வண்டிப்பாளையத்தில் எங்கள் தெரு மாரியம்மன் கோவிலுக்காக, சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வீடு வரி போட்டு ஒரு ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கடந்த ஆடியில் செடல் உற்சவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இடது சேனலில் ‘டப்’பென்று ஓசை எழுந்து, கருகல் வாடை வந்து, பெட்டி நின்றுவிட்டது. நகருக்குள் உள்ள ஒரு பழுது பார்க்கும் கடையில் அதைக் கொடுத்தோம். அங்கே நாங்கள் ஏமாற்றப்பட்ட விதத்தை, இதே போன்ற பெட்டிகளை வைத்திருக்கும் கோவில் குழுவினரும் ரேடியோ செட் நடத்துபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

ஸ்பீக்கருக்கு மின்சாரத்தைத் தள்ளும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எட்டும் போய்விட்டன, எட்டையும் மாற்ற வேண்டும் என்று கூறி 4,800 ரூபாய் கேட்டார்கள். நான்காம் நாள் பெட்டி வந்தது. ரசீது கேட்டதற்கு, விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் ‘அவுட்புட் மாற்றியது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். திருவிழா வேலை நெருக்கியதால் நானும் அதை நம்பிப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

கோவிலில் மாட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, ஆனால் இரண்டு சேனலிலும் துளி சத்தம் இல்லை. மைக்கை மாற்றினோம், மிக்சரைக் கழற்றிவிட்டு செல்பேசியை நேரடியாக இணைத்தோம், ஸ்பீக்கர் வயர்களை வேறொரு பெட்டியில் போட்டுப் பார்த்தோம். அந்தப் பெட்டியில் எங்கள் ஸ்பீக்கர்கள் நன்றாகவே பாடின. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டு மூன்று நான்கு நொடியில் பெட்டிக்குள் ‘டிக்’கென்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அடிக்கும், அதன் பிறகுதான் சத்தம் வரும். இப்போது அந்த ‘டிக்’ கேட்கவே இல்லை.

கடைக்காரரிடம் இதைச் சொன்னதும் வாட்சாப்பில் குரல் பதிவாகவே பதில் அனுப்பினார். “அது புரொடெக்ஷன் போர்டு பிரச்சினைண்ணே. கொண்டு வாங்க, ரிலேவை டைரக்ட் பண்ணி விட்டுடறேன், அறுநூறு ரூபா. அதுக்கும் சரியாகலைன்னா மெயின் போர்டையே மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்.” ஏற்கெனவே வாங்கிய 4,800 ரூபாய்க்கு என்ன செய்தார் என்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த ‘டைரக்ட்’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ரிலேவைத் தாண்டி, அவுட்புட்டை வயரால் நேராக ஸ்பீக்கரோடு இணைத்துவிடுவதுதான் அது. பவர் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டில் ஏசியாக (திசை மாறி மாறிப் பாயும் மின்சாரமாக) ஒலி அலை மட்டுமே வர வேண்டும், டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) வரக்கூடாது. டிசி வந்தால், ஸ்பீக்கருக்குள் அசைந்து ஒலி எழுப்பும் கம்பிச்சுருளான ‘வாய்ஸ் காயில்’ அசையாமல் நின்றபடியே சூடேறிக் கருகும். அதைத் தடுக்கத்தான் அவுட்புட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ரிலே வைக்கப்படுகிறது. இந்த ரிலேவை இயக்கும் புரொடெக்ஷன் போர்டில் பெரும்பாலும் இருக்கும் யுபிசி 1237 என்ற ஐசி, இரு சேனல்களையும் சில நொடிகள் கண்காணித்து, எதிலும் டிசி இல்லை என்றால்தான் ரிலேவை இழுக்கும். ஒரு சேனலில் டிசி இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே ஊமையாகும். ஆகவே ரிலே அடிக்காதபோது முதலில் அளந்து பார்க்க வேண்டியது அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்பதைத்தான். அதை அளக்காமல் ரிலேவின் இரு முனைகளையும் வயரால் இணைப்பது, காவலுக்கு நின்றவனை வெளியே தள்ளிவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

நான் சம்மதிக்கவில்லை. உறவினர் ஒருவர் சொன்னபடி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நெடுங்காலம் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் பெட்டியைப் பேருந்தில் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியவர், மல்டிமீட்டரை டிசிக்கு மாற்றி, ரிலேவுக்கு முன்னால் வைத்து அளந்தார். வலது சேனலில் சில மில்லிவோல்ட்தான் இருந்தது. இடது சேனலில் 44 வோல்ட் டிசி நின்றது.

“சத்தம் வரலைன்னு வருத்தப்படாதே தம்பி. இந்த ரிலே அடிச்சிருந்தா ஸ்பீக்கர் இந்நேரம் சாம்பல்” என்றார். எங்கள் எட்டு ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலை மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய ஆறு ஓம் காட்டும். அதன் மேல் 44 வோல்ட் என்றால் ஏழு ஆம்பியர், முந்நூறு வாட்டுக்கு மேல் வெறும் வெப்பம். ஃபியூஸ் முந்திக்கொண்டு போனால் தப்பிக்கலாம், இல்லையென்றால் தெருவாசிகளின் பணம் புகையாகியிருக்கும்.

காரணம் மிகச் சிறியது. அவுட்புட்டில் இருப்பவை இந்த வேலை தெரிந்த எல்லோருக்கும் பழக்கமான, 5200, 1943 என்ற எண் கொண்ட டிரான்சிஸ்டர் ஜோடிகள். இந்த டிரான்சிஸ்டர்களின் முதுகில் உள்ள உலோகத் தகடும் அவற்றின் ‘கலெக்டர்’ என்ற காலும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. எங்கள் பெட்டியில் 1943இன் கலெக்டர் மைனஸ் 48 வோல்ட்டில் இருக்கிறது, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கோ சேசிஸோடு (பெட்டியின் உலோக உடலோடு) சேர்ந்து எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே மின்சாரம் கடத்தாத மெல்லிய மைக்காத் தகடு வைத்து, இரு பக்கமும் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவி முடுக்க வேண்டும். புதிதாகப் போட்ட 1943இன் கீழே பழைய மைக்காவையே வைத்திருந்தார்கள், அது நடுவில் உடைந்திருந்தது. சுவிட்சைப் போட்டவுடனே மைனஸ் சப்ளை ஹீட் சிங்க்கில் ஷார்ட் ஆகி, அந்தச் சேனலின் மைனஸ் ஃபியூஸ் போயிருக்கிறது. மைனஸ் இல்லாததால் எங்கள் போர்டின் அவுட்புட் பிளஸ் பக்கம் இழுத்துக்கொண்டது. விளக்குக்கும் விசிறிக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனி வைண்டிங் (கம்பிச்சுற்று) இருப்பதால், வெளியே பார்ப்பவருக்குப் பெட்டி உயிரோடு இருப்பது போலவே தெரிந்தது. ஸ்பீக்கரை மாட்டி ஒரே ஒரு பாட்டை ஓட விட்டிருந்தால் கடையிலேயே இது தெரிந்திருக்கும். ‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்றது பொய்.

அடுத்தது இன்னும் வேதனையானது. எட்டு டிரான்சிஸ்டர்களில் ஆறு, பெட்டி வாங்கியபோது இருந்தவையே. அவற்றின் கால்களில் ஈயத்தைத் தொட்ட அடையாளம்கூட இல்லை. மாற்றியது ஒரே ஒரு ஜோடிதான். பஞ்சில் தின்னரைத் தொட்டு அந்த ஜோடியின் மேல் தேய்த்ததும் டோஷிபா என்ற கம்பெனிப் பெயர் அழிந்து கையோடு வந்தது, அதாவது அவை போலி.

பெரியவர் நம்பிக்கையான இடத்தில் வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடியைப் புதிய மைக்காவோடு பொருத்தினார். கலெக்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டு, நேராகக் கரண்ட் கொடுக்காமல் 100 வாட் குண்டு பல்பை சீரியலில் போட்டு ஓட்டினார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருளாம். அவுட்புட்டில் 12 மில்லிவோல்ட், மறுபடி அந்த ‘டிக்’, பிறகு பாட்டு. 1,900 ரூபாய் வாங்கிக்கொண்டு, கழற்றிய பொருள்களை நான் கேட்காமலே ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்.

பழுது பார்த்த பெட்டியைத் திரும்ப வாங்கும்போது கடையின் ஸ்பீக்கரிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய உறுப்புகளின் எண்களோடு ரசீதும், கழற்றிய பழையவற்றையும் கேட்டு வாங்குங்கள். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. முறையான ரசீது இல்லாததால் ஜிபே பதிவு, விசிட்டிங் கார்டு, அந்தக் குரல் பதிவு ஆகிய மூன்றையும் சான்றாக வைத்திருக்கிறேன். உடைந்த மைக்காவும் எழுத்து அழிந்த 1943உம் உறைக்குள்ளேயே இருக்கின்றன.