பழைய நிக்கோர் லென்ஸ் வாங்கப் போறீங்களா, கேமராவ கடைக்காரர் கையில குடுத்துடாதீங்க

டிஜிட்டல் கேமராவுல பழைய பிலிம் கால லென்ஸ் மாட்டி படம் எடுக்கிற பசங்க இப்ப நெறைய பேரு, மலேசியாவுல எங்க பேராக் சுங்கை சிப்புட்லயே ஒரு கூட்டம் இருக்கு, கோயில் திருவிழா, கல்யாணம், இடிக்கிறதுக்கு முன்னாடி தோட்டத்து லயத்த எடுத்து வச்சுக்கணும்னு சுத்துறவங்க. அவங்களுக்காகத்தான் எழுதுறேன். ஈப்போவுல செகண்ட்ஹேண்ட் கேமரா சாமான் விக்கிற ஒரு கடையில என்னோட நிக்கான் டி7000 கேமரா பாடிய என் கண்ணு முன்னாடியே ஒடச்சுட்டு, ஒடையவே இல்லன்னு சாதிக்கிறாங்க. கடை பேரு போடல, கேஸ் குடுத்திருக்கேன், முடியிற வரைக்கும் பேரு சொல்றது சரிப்படாது.

விஷயம் என்னன்னா நான் தேடுனது நிக்கோர் 105 எம்எம் எஃப் 2.5, நிக்கோர்ங்கறது நிக்கான் கம்பெனி அதோட லென்ஸுக்கு வச்ச பேரு. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஆள் முகம் எடுக்க இதுமாதிரி ஒரு பழைய லென்ஸ் கெடைக்கிறது கஷ்டம், 1984ல ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் பச்சக் கண்ணு ஆப்கான் பொண்ணு படம் கூட 105 எஃப் 2.5ல எடுத்ததுதான். டி7000ல சென்சார் பிலிம விட சின்னது, 1.5 மடங்கு கணக்கு, அதனால 105 போட்டா கிட்டத்தட்ட 157 எம்எம் மாதிரி நெருக்கமா தெரியும், தீமிதி அன்னிக்கு கயித்துக்கு வெளிய நின்னுக்கிட்டே முகத்த மட்டும் எடுக்கலாம். புது ஆட்டோபோகஸ் லென்ஸ் வாங்குற காசு நம்மகிட்ட இல்ல. இந்தக் கடை ஆன்லைன்ல 380 வெள்ளி (ரிங்கிட்)ன்னு போட்டிருந்தாங்க, ஆப்கான் பொண்ணு கதையையும் சேர்த்துதான் போட்டிருந்தாங்க, விக்கணும்ல.

வாட்ஸ்அப்ல தெளிவா கேட்டேன். "அண்ணே, இது ஏஐ மவுண்டா, என் பாடி டி7000, மீட்டர் வேலை செய்யணும், கண்ணாடில பூஞ்சை இருக்கா?" பதில் வந்துச்சு: "ஏஐ பண்ணது தம்பி, ஓகே, கிளீன், தூசி மட்டும்." இந்த மெசேஜ் இன்னும் என்கிட்ட இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்டும் போட்டாச்சு. ஏஐன்னா இப்ப எல்லாரும் பேசுற ஏஐ இல்ல, நிக்கான்காரன் 1977ல கொண்டாந்த மவுண்ட் மாத்தம், மவுண்ட்னா லென்ஸ் மாட்டுற கேமரா வாய், மீட்டர்னா வெளிச்சத்த அளக்கிறது, கீழ வெவரமா சொல்றேன்.

கடைக்குப் போனேன். முதலாளி நல்ல மனுஷன் மாதிரிதான் பேசுனாரு, தண்ணி குடிக்கிறியான்னு கூட கேட்டாரு. கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து லென்ஸ எடுத்து பக்கத்துல கெடந்த ஒரு டி3200ல மாட்டிக் காட்டினாரு, வழுக்கிக்கிட்டு போயி லாக் ஆச்சு. "பாத்தியா, நிக்கானுக்கு நிக்கான், எதுல வேணா மாட்டலாம்"னாரு. சொல்லிக்கிட்டே மேசையில நான் வச்ச டி7000 எடுத்து லென்ஸ கேமரா வாயில வச்சுத் திருப்ப ஆரம்பிச்சாரு. பாதி வழியில நின்னுடுச்சு. "அண்ணே டைட்டா இருக்கு, நிறுத்துங்க"ன்னு நான் சொல்றேன், அவரு "பழசு தம்பி, இப்படித்தான் இருக்கும், அப்புறம் லூஸாயிடும்"னு சொல்லி மணிக்கட்ட ஒரு முறுக்கு முறுக்குனாரு. டக்குனு ஒரு சத்தம். லென்ஸ் லாக் ஆயிடுச்சு, அவரு மொகத்துல ஒரு சந்தோஷம். நான் கழட்டச் சொல்லிப் பாத்தேன், மேசை மேல பாய்ல சோத்துப் பருக்கை அளவுக்கு ஒரு கருப்பு பிளாஸ்டிக் துண்டு விழுந்து கெடந்துச்சு.

அந்தத் துண்டு என்னன்னு சொல்றேன், ஏன்னா இதத் தெரியாமத்தான் பாதிப் பேரு ஏமாறுறாங்க. நிக்கான் எஃப் மவுண்ட் 1959ல வந்தது, அன்னிலேர்ந்து வாய் அளவு மாறவே இல்ல, அதனாலதான் "எதுல வேணா மாட்டலாம்"னு கடைக்காரங்க தைரியமா சொல்றாங்க. ஆனா 1977க்கு முன்னாடி வந்த லென்ஸுல அப்பர்ச்சர் வளையத்தோட (வெளிச்சம் போற ஓட்டைய கூட்டிக் கொறைக்கிற வளையம்) பின் ஓரம் சுத்தி முழுசா ஒரே உயரமா இருக்கும். 1977ல ஏஐ வந்தப்ப அந்த ஓரத்துல ஒரு பகுதிய வெட்டி ஒரு படி மாதிரி விட்டாங்க, கேமராவுல மவுண்ட சுத்தி ஒரு வளையம், அதுல ஒரு குட்டி நாக்கு, லென்ஸ்ல இருக்கிற படி அந்த நாக்கத் தள்ளும், எவ்வளவு தள்ளுதுங்கறத வச்சு கேமரா அப்பர்ச்சர் எத்தனைல இருக்குன்னு தெரிஞ்சுக்கும். டி7000, டி300, டி700, டி800 எல்லாத்துலயும் அந்த நாக்கு உண்டு. அதுல வெட்டாத பழைய லென்ஸ மாட்டுனா வளையத்தோட முழு ஓரமும் நேரா போயி நாக்கு மேல ஏறும், ஒண்ணு லென்ஸ் உள்ள போகாது, இல்ல நாக்கு ஒடையும். டி3200ல ஏன் வழுக்கிக்கிட்டு போச்சுன்னா அதுல நாக்கே கெடையாது. டி3000, டி5000 வரிசை பாடிங்கள்ல அத நிக்கான்காரன் காசு மிச்சம் புடிக்க எடுத்துட்டான், அதனால பழைய லென்ஸ் பாதுகாப்பா மாட்டும், ஆனா மீட்டரும் வேலை செய்யாது, எம் மோட்ல வச்சு நீங்களே குத்துமதிப்பா தட்டிப் பாத்து எடுக்கணும். ஆக அவரு டி3200ல காட்டுனது என் கேமராவுக்கு ஒரு அத்தாட்சியே இல்ல. பத்து வருஷமா கடை வச்சிருக்கேன்னு பெருமையா சொல்றவருக்கு இது தெரியலன்னா நான் நம்பணுமா?

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. ஒடஞ்சிடுச்சுண்ணேன்னு துண்டக் காட்டுனா, "அது உன் கேமராவுல ஏற்கனவே லூஸா இருந்திருக்கும்"கிறாரு. சொல்லிட்டு என்னோட 18-105 கிட் லென்ஸ மாட்டி டக் டக்னு நாலு படம் எடுத்து "பாரு, நல்லாத்தான வேலை செய்யுது"ங்கிறாரு. வேலை செய்யத்தான் செய்யும், புது லென்ஸுல சிப் இருக்கு, அது கேமராவோட மின்சாரத் தொடர்புல பேசிக்கும், நாக்கு அதுக்குத் தேவையே இல்ல. பையில என்னோட 50 எம்எம் ஏஐ-எஸ் இருந்துச்சு, ஏஐக்கு அடுத்து வந்த வகை, அதுலயும் அந்தப் படி உண்டு, நிக்கான் 1980கள்ல விட்டது, அத மாட்டி மெனுவுல லென்ஸ் விவரம் எல்லாம் ஏற்கனவே போட்டு வச்சதுதான், ஏ மோட்ல வச்சு அப்பர்ச்சர் வளையத்த 1.8லேர்ந்து 8 வரைக்கும் திருப்பிக் காட்டுனேன். மேல இருக்கிற சின்னத் திரையில நம்பர் அசையவே இல்ல. அன்னிக்குக் காலைல வீட்ல கோழிக் கூண்ட எடுத்தப்ப அழகா மாறிக்கிட்டு இருந்த நம்பர். அதுக்கு அவரு பதில், "செட்டிங்ல ஏதோ மாத்திட்ட." ஒரு கட்டத்துல "வேணும்னா வேற லென்ஸ் எடுத்துக்க, கேமரா சமாச்சாரம் எனக்குத் தெரியாது"ன்னு முடிச்சுட்டாரு. பணம் ஆன்லைன்ல முன்னாடியே அனுப்பியாச்சு, ரசீதுல அடியில "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது"ன்னு மலாய்ல அச்சடிச்சிருக்கு.

அப்ப ஏஐ லென்ஸ எப்படி அடையாளம் பாக்கிறது. கடைக்காரர் வாயப் பாக்காதீங்க, அப்பர்ச்சர் வளையத்தப் பாருங்க. ஏஐ லென்ஸுல நம்பர் ரெண்டு வரிசை இருக்கும், பெருசா ஒரு வரிசை, மவுண்ட ஒட்டி பொடிசா இன்னொரு வரிசை. ஒரே வரிசைதான்னா அது பழசு. வளையத்து மேல முயல் காது மாதிரி ஒரு உலோக ஜோடி இருக்கும், காதுல ஓட்டை விட்டிருந்தா ஏஐ காலத்தது, அடைச்சுக்கெடந்தா பழசு. முன்னாடி கண்ணாடிய சுத்தி நிக்கோர்-பி, நிக்கோர்-ஹெச், நிக்கோர்-எஸ்னு எழுத்து போட்டிருந்தாலும் 1977க்கு முந்தினதுதான், அந்த எழுத்து உள்ள எத்தன கண்ணாடிங்கறதுக்கு, பி-ன்னா அஞ்சு, ஹெச்-ன்னா ஆறு. எனக்கு வித்தது நிக்கோர்-பி, நிப்பான் கோகாக்குன்னு பழைய கம்பெனி பேரோட, ஒரே வரிசை நம்பர், அடைச்ச காது. ஆப்கான் பொண்ணு கதையும் இதுக்கு ஒட்டாது, மெக்கரி போட்டது ஏஐ-எஸ், அதுக்குள்ள இருக்கிற கண்ணாடி அமைப்பே வேற, 70கள்ல நிக்கான்காரன் மாத்திட்டான். பழைய லென்ஸ நிக்கானே வளையம் மாத்திக் குடுத்ததும் உண்டு, அது நல்லது. வீட்ல அரம் வச்சு ராவுனதும் உண்டு, ராவுன இடம் வெள்ளையா பளபளன்னு தெரியும், சரியான அளவுல ராவியிருந்தா தப்பில்ல. என் லென்ஸுல ரெண்டும் இல்ல, "ஏஐ பண்ணது"ன்னு சொன்னது சுத்தப் பொய்.

"தூசி மட்டும்"னு சொன்னதும் அப்படித்தான். கடை வெளிச்சத்துல பளிச்சுனு இருந்துச்சு. போன் டார்ச்ச பின்பக்கத்துலேர்ந்து சாய்ச்சு அடிச்சு, அப்பர்ச்சர முழுசா தொறந்து முன்பக்கமா பாத்தா ஓரத்துலேர்ந்து நடுவுக்கு நூல் நூலா கெளை விட்டுக்கிட்டு பூஞ்சை. நம்ம ஊரு ஈரத்துக்கு இது சகஜம்தான், அதுக்குத்தான் ட்ரை பாக்ஸ்னு ஈரம் அண்டாத பெட்டி, 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள ஈரப்பதம் வச்சா போதும். ஆனா நாள்பட்ட பூஞ்சை கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்க அரிச்சிடும், தொடச்சாலும் தழும்பு இருக்கும். இதுல யாரோ ஏற்கனவே தொடச்சிருக்காங்க, ஊதா நிறம் மினுங்கவேண்டிய கண்ணாடில ஒரு திட்டு மட்டும் நிறமே இல்லாம வெளுத்துக் கெடக்கு. அதுக்குப் பேரு கிளீனாம்.

ஊருக்குத் திரும்பி வந்து சொன்னா, மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் இருக்கிற ஒரு தம்பி அதே கடையில ஏமாந்தத சொல்றான். ஹெலியோஸ் 44-2, ரஷ்யா லென்ஸ், படத்துல பின்னணி வட்டமா சுழல்ற மாதிரி தெரியுமே அதுக்காக எல்லாரும் தேடுறது. அவன்கிட்ட நிக்கான் பாடி, லென்ஸு எம்42 திருகு மவுண்ட். கடையில ரெண்டையும் இணைக்க ஒரு அடாப்டர் போட்டுக் குடுத்துட்டாங்க. வீட்டு வாசல்ல செம்பருத்திப் பூவ எடுத்தா சூப்பரா வருது, கோயில் கோபுரத்த எடுத்தா எவ்வளவு திருப்புனாலும் மங்கல். கணக்கு ரொம்ப சுலபம், எம்42க்கு மவுண்ட்லேர்ந்து பிலிம் இருக்கிற தூரம் 45.46 எம்எம், நிக்கானுக்கு 46.5. லென்ஸ் ஒரு எம்எம் தள்ளி உக்காருது, தூரத்துப் பொருள் போகஸ் ஆக வாய்ப்பே இல்ல. கண்ணாடி வச்ச அடாப்டர் போட்டா தூரம் தெரியும், ஆனா அந்த மலிவுக் கண்ணாடி படத்த மெத்துனு ஆக்கிடும், அப்புறம் எதுக்கு ஹெலியோஸ். இதே ஹெலியோஸ் கேனனோட இஎஃப் மவுண்ட் பாடில ஜோரா வேலை செய்யும், ஏன்னா இஎஃப் தூரம் 44தான், இடம் இருக்கு. ஆனா கேனனோட சொந்த பழைய எஃப்டி லென்ஸுக்கு அந்தத் தூரம் 42 எம்எம், அது அதே கேனனோட டிஜிட்டல் எஸ்எல்ஆர்ல கண்ணாடி இல்லாத அடாப்டரோட தூரத்த எடுக்காது. பேரு ஒண்ணா இருந்தா பொருந்தும்னு கடையில சொல்றத அப்படியே நம்பிட்டா இப்படித்தான். அந்தத் தம்பி கேட்டதுக்கும் "மாட்டுதுல்ல, அப்புறம் என்ன"ன்னுதான் பதிலாம். மாட்டுறதுக்கா காசு குடுத்தோம்?

ரிப்பேர் கடையில காட்டுனேன். நாக்கு மட்டும் தனியா கெடைக்காது, முன் வளையத்தையே மாத்தணும், அதுக்கு முன்பக்கத்த முழுசா பிரிக்கணும்னு சொல்லி எழுதிக் குடுத்த விலை லென்ஸ் விலைய தாண்டிடுச்சு. எழுத்துல வாங்கிட்டேன், அது முக்கியம்.

இப்ப பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போட்டிருக்கேன். நம்ம ஆளுங்க நெறைய பேரு இது பெரிய கோர்ட்டு சமாச்சாரம், லாயர் வைக்கணும்னு நெனச்சு விட்டுடுறாங்க, அதெல்லாம் கெடையாது, மனு கட்டணம் 5 வெள்ளி, ஆன்லைன்லயே போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், 3 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, கடை வச்சு விக்கிறவங்க மேலதான் போட முடியும், பேஸ்புக்ல தன்னோட சொந்த லென்ஸ விக்கிற தனி ஆள் மேல போட முடியாது. ரசீதுல "திரும்ப எடுக்கப்படாது"ன்னு அச்சடிச்சாலும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்த அந்த ஒரு வரி ஒண்ணும் பண்ணாது. வாட்ஸ்அப் மெசேஜ், பணம் அனுப்புன ஸ்லிப், ஒடஞ்ச துண்டு, ரிப்பேர் விலை எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டு வச்சிருக்கேன். கடைக்காரர் நோட்டீஸ் போனதுக்கு அப்புறம் போன் பண்ணி "தம்பி, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம், லென்ஸ் காச மட்டும் வாங்கிக்க"ன்னாரு. கேமரா செலவும் சேர்த்துக் குடுங்கண்ணேன், லைன் கட்டாயிடுச்சு.

அப்புறம் ஒரு உதவி. பேராக் பக்கம் யார்கிட்டயாச்சும் ஷட்டர் போயி செத்துக் கெடக்கிற டி7000 பாடி இருந்தா சொல்லுங்க, முன் வளையமும் நாக்கும் நல்லா இருந்தா போதும், நேர்ல வந்து பாத்து வாங்கிக்கிறேன், தீமிதிக்குள்ள கேமராவ சரி பண்ணியாகணும்.