சென்னையில் ஏறுவதா, சிங்கப்பூர் சென்று ஏறுவதா: இரண்டு சொகுசுக் கப்பல் பயணங்கள்

சொகுசுக் கப்பலில் சில நாட்கள் சென்றுவர விரும்பும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. பருவகாலத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்தே பயணங்களை நடத்தும் கப்பலில் ஏறலாம். அல்லது சிங்கப்பூர்வரை விமானத்தில் சென்று, ஆண்டு முழுவதும் அங்கிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் ஒன்றில் ஏறலாம். 2023 பிப்ரவரியில் மனைவியுடனும் மகளுடனும் இரண்டாவது வழியில் சென்றுவந்தேன். அதே ஆண்டின் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் என் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு ஐந்து இரவுப் பயணம் ஒன்றை மேற்கொண்டேன். இரண்டையும் நேரில் பார்த்தபின் என் சாய்வு சென்னைப் பக்கமே இருக்கிறது. அதற்குக் காரணம் கப்பலின் தரம் அன்று. கப்பலில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் கரையில் நாம் செலவழிக்கும் நேரமும் உடல் உழைப்புமே.

ஒரு துறைமுகம் கப்பலுக்குத் தாய்த் துறைமுகமாக இருப்பதற்கும், வழியில் தொட்டுச் செல்லும் துறைமுகமாக இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பயணிகள் பெட்டிகளோடு ஏறுவதும் இறங்குவதும், உணவுப் பொருளும் எரிபொருளும் நிரப்பப்படுவதும், ஊழியர்கள் மாறுவதும் பெரும்பாலும் தாய்த் துறைமுகத்தில்தான். இந்த நிலை சென்னைக்குப் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1970-களில் அதன் இடத்தைப் பிடித்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்த வழித்தடம் முடிவுக்கு வந்தது. ஆகவே இன்று நாம் ஒப்பிடும் இரண்டு துறைமுகங்களும் ஒரு காலத்தில் ஒரே கப்பலின் இரு முனைகளாக இருந்தவை என்பதை நினைக்கும்போது எனக்கு மனநிறைவு உண்டாகிறது. ராஜாஜி சாலையில் துறைமுக வாயிலைக் கடந்தபோது, இளமையில் இங்கிருந்து உறவினரை வழியனுப்பிய நாளை என் தந்தை நினைவுகூர்ந்தார்.

2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல், மறு ஆண்டு ஜூனில் சென்னைக்குத் திரும்பி வந்து, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் செல்லத் தொடங்கியது. மற்ற மாதங்களில் மும்பையைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட கப்பல் ஏன் ஜூனில் கிழக்குக் கரைக்கு வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த ஒப்பீட்டின் பாதி தெளிவாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும் ஜூன் முதல் செப்டம்பர்வரை மேற்குக் கரையில் உல்லாசப் பயணம் நடத்துவது கடினம். அதே மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் சோழமண்டலக் கரை ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் வங்கக்கடலுக்கு வரும் வேளையில் அரபிக்கடல் தெளிந்துவிடும் என்பதால், கப்பலும் மேற்கே திரும்பிவிடும். சென்னை அந்தக் கப்பலுக்குப் பருவகாலத் தாய்வீடு என்பதே சரியான விவரிப்பு.

கப்பல்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிங்கப்பூரின் பக்கம் தராசு தாழ்வதில் ஐயமில்லை. எம்பிரஸ் 1990-இல் கட்டப்பட்டு, வேறு பெயர்களில் அமெரிக்கப் பக்கம் ஓடிய கப்பல். அதன் மொத்த டன் கொள்ளளவு ஏறத்தாழ 48,500. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெண்டிங் டிரீம் 2016-இல் கட்டப்பட்டது. அதன் கொள்ளளவு சுமார் 1,50,000 டன். நீர்ச்சறுக்குகள், அரங்குகள், உணவகங்களின் எண்ணிக்கை, பால்கனி கொண்ட அறைகள் ஆகிய எல்லாவற்றிலும் பெரிய கப்பலே முன்னிற்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெரிய துறைமுகத்திலும் கப்பல்கள் நிலையாக இருப்பதில்லை. கெண்டிங் டிரீமே முன்பு அதை நடத்திய நிறுவனம் 2022-இல் முடங்கியதால் நின்றுபோய், அதே ஆண்டு ஜூனில் புதிய நிறுவனத்தின் கீழ் சிங்கப்பூருக்குத் திரும்பியது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 2022-இல் சிங்கப்பூருக்கு வந்து, 2024-இல் தன் பழைய தாய்த் துறைமுகமான ஷாங்காய்க்குத் திரும்பிவிட்டது. எனவே ‘அடுத்த ஆண்டு அந்தக் கப்பலில் போகலாம்’ என்ற திட்டம் இரண்டு ஊர்களிலும் உறுதியானது அன்று.

இனி என் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து நாங்கள் சென்றது மூன்று இரவுப் பயணம். கப்பல் எந்த விமானத்துக்காகவும் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். ஆதலால் முந்தைய நாளே சிங்கப்பூரில் இறங்கிவிடுவது அவசியமான முன்னெச்சரிக்கை. நாங்கள் அப்படித்தான் செய்தோம். எங்கள் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியபோது ஒரு மாலைப் பொழுதை மட்டும் இழந்தோம், அதே நாளில் கப்பல் ஏறத் திட்டமிட்டிருந்தால் பயணத்தையே இழந்திருப்போம். திரும்பும் நாளிலும் கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும், பெட்டிகளைத் தேடி எடுத்து, குடிநுழைவுச் (இமிகிரேஷன்) சோதனை முடித்து, சாங்கி விமான நிலையத்துக்குச் செல்வதற்குள் நண்பகல் ஆகிவிடும் என்பதால், மாலை விமானத்தையே நம்பலாம். ஆக, மூன்று இரவு கடலில் இருப்பதற்கு முழுதாக ஐந்து நாட்களும் ஒரு விடுதி இரவும் செலவாயின.

அந்த ஐந்து நாட்களில் எத்தனை குடிநுழைவுச் சாவடிகளைக் கடந்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். சென்னை விமான நிலையத்தில் புறப்பாடு, சாங்கியில் வருகை, மரினா பே கப்பல் முனையத்தில் புறப்பாடு, பயணம் முடிந்து அதே முனையத்தில் மீண்டும் வருகை, சாங்கியில் புறப்பாடு, சென்னையில் வருகை என ஆறு. இடையில் மலேசியக் கரையில் இறங்கியதை இதில் சேர்க்கவில்லை. இதன் காரணமாகவே விசா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கப்பலில் வெளியேறித் திரும்பும்போது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம் என்பதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக அது இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பிப்பது, தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர் கட்டணம், வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை ஆகியவை ஒவ்வொன்றும் சிறியவைதான். நாற்பது வயதுக்காரருக்கு இவை பொருட்டல்ல. எழுபதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள என் தாயாரை அந்த ஆறு வரிசைகளிலும் நிற்கவைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சென்னையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. காலை உணவை வீட்டில் முடித்து, ஒரு டாக்சியில் ஐவரும் பெட்டிகளும் ஏறி, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள துறைமுகத்துக்குள் சென்றோம். பெட்டிகளை முனையத்தில் ஒப்படைத்த பிறகு அவற்றை அறை வாசலில்தான் பார்த்தோம். எடைக்கணக்குப் பார்த்து மருந்துகளையும் மாற்றுடைகளையும் பிரிக்க வேண்டிய தேவை எழவில்லை. தாயார் தம் சிறிய மடக்கு நாற்காலியையும் எடுத்து வந்தார். இலங்கைக்குச் செல்வதால் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கோ ஆழ்கடல்வரை மட்டுமோ சென்று திரும்பும் பயணமாக இருந்தால், இந்தியக் குடிமக்களுக்கு அரசு வழங்கிய அடையாள அட்டையே போதும். இது கடவுச்சீட்டே எடுத்திராத முதியவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. திரும்பிய நாளில் காலை உணவைக் கப்பலில் உண்டு, மதிய உணவுக்கு வீட்டில் இருந்தோம். ஐந்து இரவுக்குப் பணம் கொடுத்து, ஐந்து இரவையும் கடலில் கழித்தோம். கரையில் வீணானது ஏறிய நாளின் முற்பகலும் இறங்கிய நாளின் முற்பகலும் மட்டுமே.

பயணம் குறுகக் குறுக இந்த வேறுபாடு பெரிதாகும். இரண்டு வாரப் பயணத்தில் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் போவது பெரிய இழப்பாகாது. ஆனால் நம் ஊரார் பெரும்பாலும் எடுப்பது இரண்டு முதல் ஐந்து இரவுப் பயணங்களே. வார இறுதியோடு ஒரு நாள் விடுப்பைச் சேர்த்துச் சென்னையில் இரண்டு இரவுப் பயணம் செய்யலாம். அதே விடுப்பில் சிங்கப்பூர்க் கப்பலைத் தொட்டுத் திரும்ப முடியாது. இரண்டு மணி முப்பது நிமிட நேர வேறுபாடும் குறுகிய பயணத்தில் தூக்கத்தைக் கெடுக்கும். விலைகளை ஒப்பிடுபவர்கள் கப்பல் கட்டணத்தை மட்டும் வைத்துச் சிங்கப்பூர் மலிவு என்று கூறுவதைக் கேட்டிருக்கிறேன். விமானக் கட்டணம், விடுதி, விசா, இரு ஊர் டாக்சி ஆகியவற்றைக் கூட்டி, கடலில் கழியும் இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

கடலின் அசைவைப் பொறுத்தவரை சிங்கப்பூருக்கே சாதகம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுமத்ராவும் மலாய்த் தீபகற்பமும் இருபுறமும் அரணாக நிற்பதால் மலாக்கா நீரிணையில் பேரலை எழுவது அரிது. விடியலுக்கு முன் திடீரென வீசும் ‘சுமத்ரா’ எனப்படும் சூறைக்காற்றும் விரைவில் அடங்கிவிடும். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் வழியில் திருகோணமலைவரை இலங்கைத் தீவு பருவக்காற்றை மறைத்துக் காக்கிறது. அதனால்தான் அங்கே மே முதல் செப்டம்பர்வரை சுற்றுலாக் காலம். தீவின் தென்கிழக்கு மூலையைத் தாண்டி அம்பாந்தோட்டையை நெருங்கும்போது அந்த மறைவு விலகிவிடுவதால், எங்கள் கப்பல் ஓர் இரவு நன்றாகவே ஆடியது. கப்பலின் பக்கவாட்டுத் துடுப்புகள் இடவல ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, முன்பின் ஆட்டத்தைக் குறைக்கா. கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுப்பகுதியில் அறை எடுத்திருந்ததால் என் பெற்றோர் அதை அதிகம் உணரவில்லை. முன்பகுதியில் இருந்த என் மகளுக்கு ஒரு வேளை உணவு செல்லவில்லை. நான் இந்த வழியில் ஒரே ஒரு முறைதான் சென்றிருக்கிறேன் என்பதால், எல்லா ஆண்டும் கடல் இப்படியே இருக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

சென்னையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து செல்லும் கப்பலுக்கு வழித்தடங்கள் இன்னும் வேரூன்றவில்லை. 2022 ஜூனில் புதுச்சேரிக் கரைக்கு அருகே வந்த கப்பல், அனுமதி கிடைக்காமையால் அங்கே பயணிகளை இறக்காமலே திரும்பியது. ஒரு குறிப்பிட்ட ஊரைப் பார்ப்பதே நோக்கமாக இருந்தால் இத்தகைய மாற்றம் ஏமாற்றமளிக்கும். கப்பலில் இருப்பதும், குடும்பத்தோடு மேல்தளத்தில் அமர்ந்து கடலைப் பார்ப்பதும் போதும் என்பவர்களுக்கு அது பெரிய குறையாகாது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்து, கப்பலே ஒரு கேளிக்கை நகரமாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் சிங்கப்பூர் செல்வதே சரி. அப்போதும் கப்பலுக்கென்று மட்டும் போகாமல், நகரத்தில் மூன்று நாட்களாவது தங்குமாறு திட்டமிட்டால்தான் விமானமும் விசாவும் ஈடாகும். மகளின் பொதுத்தேர்வு முடிந்த கோடையில் அப்படிச் செல்வதாக அவளுக்கு வாக்களித்திருக்கிறேன். பெற்றோருடன் செல்லும் அடுத்த பயணத்துக்கோ, ஜூலையிலோ ஆகஸ்டிலோ சென்னையில் ஏறி, திருகோணமலையில் இறங்கும் வழித்தடத்தையே தேடிக்கொண்டிருக்கிறேன். நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகே, கீழ்த்தளத்து அறை வேண்டும் என்று தாயார் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.