கவர் லெட்டர்: ஜெராக்ஸ் கடை ஃபார்மட்டா, சாட்ஜிபிடியா, சொந்தமா நாலு வரியா?

மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல (பாண்டி மேட்டுப்பாளையம்ங்க, ஊட்டி மலைக்குக் கீழ இருக்குறது இல்ல) ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். எச்ஆர்னு தனியா ஆள் கெடையாது, அதனால வேலைக்கு வர்ற மெயில மொதல்ல திறக்குறது நாந்தான். போன தடவ அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் வேணும்னு கேட்டப்ப ரெஸ்யூமோட வந்த கவர் லெட்டருங்க மூணு ரகம்.

மொத ரகம் ஜெராக்ஸ் கடை சரக்கு. கடலூர் மஞ்சக்குப்பத்துல கேட்டாலும் சரி பாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட்டாலும் சரி அதே ஃப்ரம், அதே டூ, ரெஸ்பெக்டட் சார், அப்பறம் "நம்பகமான வட்டாரங்கள் மூலம் காலியிடம் இருப்பதாக அறிந்தேன்"ங்கறத அப்படியே இங்கிலீஷ்ல. வட்டாரம் என்னய்யா வட்டாரம், கம்பெனி கேட்ல ஆள் வேணும்னு போர்டு மாட்டுனதே நாங்கதான! எங்கப்பா காலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல அடிச்ச லெட்டரு இன்னும் சாகாம சுத்துது. ஆனா ஒரேடியா தள்ளவும் மனசு வரல, கடலூர் சிப்காட்ல செக்யூரிட்டி கிட்ட பேப்பரா குடுத்துட்டு வரணும்னா இல்ல ஸ்கூல் ஆபீஸ்ல குடுக்கணும்னா இதுதான் செல்லும், எந்த போஸ்ட்டுனு மேல, போன் நம்பரும் கையெழுத்தும் கீழ, போதும்.

ரெண்டாவது சாட்ஜிபிடி. இங்கிலீஷ் பளபளன்னு இருக்கும், தப்பே இருக்காது, ஆளும் இருக்க மாட்டாரு. பத்து பேர்ல மூணு பேருக்கு மொத வரி ஒண்ணேதான், ஒரு தம்பி அடைப்புக்குறிக்குள்ள "கம்பெனி பெயர்"னு இருந்தத கூட மாத்தல. இங்கிலீஷ் வராதவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், நீங்க எழுதுனத குடுத்து தப்பு மட்டும் திருத்த சொன்னா அது நல்ல ஆளுதான். அதையே எழுத சொன்னீங்கன்னா நேர்ல வந்து உக்காந்ததும் மாட்டிக்குவீங்க.

மூணாவது ரகத்துல வந்தது ஒரே ஒரு மெயில்தான், நெல்லிக்குப்பத்துப் பொண்ணு. அட்டாச்மெண்ட்ல ரெஸ்யூம், மெயில்லயே ஆறு வரி. ஹார்டுவேர் கடைல ரெண்டு வருஷமா டாலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) போடுறேன், மாசா மாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (வித்ததுக்கான ஜிஎஸ்டி கணக்கு), 20க்குள்ள 3பி (வரி கட்டுற கணக்கு), 2பியோட (சப்ளையருங்க ஏத்துன பில் லிஸ்ட்டு) பர்ச்சேஸ் பில்ல ஒத்துப் பாக்குறதும் நாந்தான், சப்ளையர் பில் ஏத்தாம விட்டா போன் போட்டு சண்ட புடிக்கிறதும் நாந்தான்னு எழுதியிருந்துச்சு. இங்கிலீஷ்ல ரெண்டு எடத்துல தப்பு, யாரு பாத்தா? டாலி, ஜிஎஸ்டினு எல்லா ரெஸ்யூம்லயும்தான் இருக்கு, சண்ட போட்டது யார் ரெஸ்யூம்ல இருக்கு? கடைசி வரி இன்னும் பிரமாதம். கடலூர் பக்கத்துலேர்ந்து வர்றவங்க ரெண்டே மாசத்துல பஸ் அலைச்சல் தாங்காம நின்னுடுறாங்கனு எங்க முதலாளிக்கு ஒரு பயம், "அக்கா வீடு முத்தியால்பேட்டைல இருக்கு, மாசக் கடைசில லேட்டானா அங்க தங்கிக்குவேன்"னு நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுச்சு. அன்னிக்கே கூப்பிட்டுட்டோம்.

பாண்டில இன்னொரு ரகமும் உண்டு, ஃபிரான்ஸ் பக்கம் அப்ளை பண்றவங்க எழுதுற லெத்ர் த மோத்திவாசியோன், அதாவது ஃபிரெஞ்சுக்காரங்க கவர் லெட்டர். "வூ, முவா, நூ"னு அவங்களுக்கு ஒரு வரிசை, அதாவது மொதல்ல உங்க கம்பெனி, அப்பறம் நான், அப்பறம் நாம சேந்து என்ன பண்ணலாம். நம்ம ஊரு லெட்டர்ல நான், நான், நான்தான். ஆனா முடிக்கிறப்ப அவங்க போடுற வணக்கம் நம்ம ஜெராக்ஸ் கடையவே தோக்கடிக்கும், அவ்ளோ நீளம்.

அப்பறம் ஒண்ணு, ரெஸ்யூம் ஃபைலுக்கு உங்க பேர வைங்கப்பா. "நியூ டாக்குமெண்ட் 3"னு என் டவுன்லோட்ஸ்ல இப்ப நாலு கெடக்கு, எது யாருதுன்னு திறந்து திறந்து பாத்துட்டு இருக்கேன்.