கேம்பஸ் ஆஃபரா, குரூப் 4 ஆ: எதத்தான் ‘செட்டில்’னு சொல்றது?

ஃபைனல் இயர்ல எங்க க்ளாஸ்ல "அவன் ஜெயிச்சிட்டான்டா"ன்னு சொன்னா ஒரே அர்த்தம்தான், கேம்பஸ்ல ப்ளேஸ் ஆயிட்டான். நானும் என் ரூம்மேட்டும் 2021ல ஒண்ணாதான் பி.இ. முடிச்சோம், நான் ஐ.டி.க்குப் போனேன், அவன் அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 படிக்க உக்காந்துட்டான்.

மொதல்ல சம்பளம். ஃப்ரெஷர் பேக்கேஜ் வருஷத்துக்கு மூணரை லட்சத்த சுத்திதான், பி.எஃப். போக கைக்கு இருபத்தஞ்சாயிரம் வந்தா பெருசு. குரூப் 4 ஜூனியர் அசிஸ்டென்ட்டுக்கு பேசிக் 19,500, அது மேல டி.ஏ., வீட்டு வாடகப்படி எல்லாம் சேத்தா ஆரம்பத்துல ஐ.டி.ய விட கம்மியே இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு கம்பெனி மாறி மாறி போறவன் எங்கயோ போயிடுவான், அது வேற. ஆனா மொத மாச சம்பளத்த வெச்சு ஒருத்தன பெரியாளுன்னும் இன்னொருத்தன பாவம்னும் சொந்தக்காரங்க பேசுனாங்களே, அதுக்கு கணக்கே கிடையாது.

ரிஸ்க்குதான் பெரிய வித்தியாசம். 2024 குரூப் 4 அறிவிப்புல 6,244 இடம், அப்ளை பண்ணது 20 லட்சம் பேருக்கு மேல. இருநூறு கேள்வில பாதி தமிழ், அதுல 150 மார்க்குக்கு 60 எடுக்கலன்னா மீதிய திருத்தவே மாட்டாங்க. என் ஃப்ரெண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக் வெச்சு படிக்கிற ஹால்லதான் கெடந்தான், ஒருநாள் பாக்கப் போனேன், டிபன் பாக்ஸ் பக்கத்துல ஆறாங்கிளாஸ் தமிழ் புக்கு, அட்டை கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டி, ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. இன்ஜினியரிங் முடிச்சவன் ஆறாங்கிளாஸ் புக்க அவ்ளோ மரியாதையா புரட்டுனத பாத்து எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நம்ம பக்கமும் ரிஸ்க் இல்லாம இல்ல, ஆஃபர் லெட்டர் கையில இருந்தும் ஜாயினிங் டேட் வராம ஒம்போது மாசம் வீட்ல உக்காந்திருந்தேன், அம்மா தெருவுல யார் கேட்டாலும் "அடுத்த மாசம் போறான்"னே சொல்லிட்டு இருந்தாங்க.

அப்பல்லாம் எத்தன லட்சம்னு மட்டும்தான் கேட்டுப்போம். இப்ப ஃபோன்ல பேசுனா நைட்டு எத்தன மணிக்கு சாப்பிட்டன்னு கேக்குறோம். அவன் தாலுகா ஆபீஸ்ல சேந்துட்டான், மார்ச் மாசம் வந்தா அவனுக்கும் லேட் ஆகுது, ஆனா அப்பாவ டயாலிசிஸுக்கு அவனே கூட்டிட்டுப் போறான். நான் எங்க அப்பாவ பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பாக்குறேன்.

தேர்ட் இயர் படிக்கிற என் மாமா பையன் எது பெஸ்ட்டுன்னு கேட்டான். வீட்ல கடன் இருக்கு, உன் சம்பளத்த எதிர்பாக்குறாங்கன்னா கேம்பஸ்ல கெடைக்கிறத வாங்கிக்கோ, பெருமையாவே வாங்கிக்கோ. ரெண்டு வருஷம் நீ சம்பாதிக்காம இருந்தாலும் அடுப்பு எரியும்னா மட்டும் முழு நேரமா குரூப் 4 படின்னு சொன்னேன். மொதல்ல அம்மாகிட்ட கடன் எவ்ளோன்னு கேட்டுட்டு வர்றேன்னு போயிருக்கான்.